ஆடி முடித்த பிறகு என்ன வேலை? விளையாட்டு வீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாநில அணி, தேசிய அணி, தொழில்முறை லீக் என்று ஆடுகிறவர்களும் ஆடி ஓய்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் தமிழ்நாட்டு வீரர்களை மனதில் வைத்துப் பதில் தரப்பட்டுள்ளது. வயது வரம்பு, தொகை போன்றவை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அடுத்த வேலையைப் பற்றி எப்போது யோசிக்க வேண்டும்? ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பார்த்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் வீரருக்குக் கிடைக்கும் நிலையான வேலைகளில் பெரும்பாலானவை ஆடிக்கொண்டிருப்பவருக்குத்தான் கிடைக்கும். ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகளில் வயது 18 முதல் 25 வரை. மற்ற தேர்வுகளில் சமூகப் பிரிவுகளுக்குக் கிடைக்கும் வயதுத் தளர்வும் இங்கே கிடையாது. கணக்கில் எடுக்கும் சாதனையும் நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வந்ததாக இருக்க வேண்டும். 19 வயதில் தேசியப் பதக்கம் வாங்கிவிட்டு, 'இன்னும் பெரிதாக ஒன்று வரட்டும்' என்று 24 வரை காத்திருந்தால், அந்தப் பதக்கம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சலில் இருபதுகளின் நடுவிலேயே உச்சம் கடந்துவிடும். கபடி, வாலிபாலில் முப்பதைத் தாண்டினால் முட்டி பேச ஆரம்பிக்கும். தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல், 41 வயதில், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடிக் கோப்பையை வாங்கினார் என்பது உண்மை. அதை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளுங்கள், திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

எழுத்துத் தேர்வு இல்லை. மொத்தம் 100 மதிப்பெண்: ட்ரையல்ஸுக்கு 40, அங்கீகரிக்கப்பட்ட சாதனைக்கு 50, படிப்புக்கு 10. ட்ரையல்ஸில் ஆட்டத்திறன், உடல் தகுதி, பயிற்சியாளரின் கணிப்பு மூன்றும் அடங்கும். 40க்கு 25 எடுத்தால்தான் 'ஃபிட்'. அது இல்லாமல் சாதனைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடுத்த கட்டம் கிடையாது.

இங்கே சறுக்குகிறவர்கள் இரண்டு வகை. காயத்தோடு வந்து 'சாதனை காப்பாற்றும்' என்று நம்புகிறவர்கள் முதல் வகை. அந்த யூனிட் எந்த இடத்துக்கு ஆள் தேடுகிறது என்று பார்க்காமல் விண்ணப்பிக்கிறவர்கள் இரண்டாவது வகை. அறிவிப்பில் 'கபடி: ரெய்டர் 1, இடது கார்னர் 1' என்று ஆடும் இடம் வரை போட்டிருப்பார்கள். வாலிபாலில் செட்டர் கேட்டிருக்கும்போது பிளாக்கர் போய் நிற்பதில் பயனில்லை. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) இரண்டும் தனித்தனியாக அறிவிக்கும். இரண்டையும் கவனியுங்கள்.

மாநில அரசு வேலைகளில் வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுத் துறைகள், வங்கிகள், வருமான வரித்துறை ஆகியவையும் அவ்வப்போது அறிவிக்கின்றன.

என்னிடம் ஒரு கட்டுச் சான்றிதழ் இருக்கிறது. எது செல்லும்?

எண்ணிக்கையைவிட, யார் கையெழுத்து போட்டது, எந்தப் படிவத்தில் என்பதே முக்கியம். மத்திய அரசு வேலைக்கு நான்கு படிவங்கள் உள்ளன. நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, அதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்து. தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4, கல்வித்துறை இயக்குநரகத்தின் கையெழுத்து.

வழக்கமாக நிராகரிக்கப்படுபவை இவை: 'அகில இந்திய' என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அழைப்பின் பேரில் நடந்த போட்டிகள், போட்டி நடந்த நேரத்தில் விளையாட்டு அமைச்சக அங்கீகாரம் இல்லாத சங்கம் கொடுத்த சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் விளையாட்டுச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும் பெயர், இனிஷியல். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் எஸ். மணிகண்டனும் மணிகண்டன் எஸ்.ஸும் ஒரே ஆள் என்று சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்து நிரூபிப்பதைவிட, போட்டி முடிந்த அன்றே திருத்தி வாங்குவது எளிது.

கோட்டாவில் வேலை கிடைத்துவிட்டது. ஆடுவதை நிறுத்தினால் வேலை போய்விடுமா?

பணி உறுதியான பிறகு அப்படிப் போகாது. ஆனால் வாழ்க்கை மாறும். ஆடும் காலத்தில் கேம்ப், டோர்னமென்ட், பயிற்சி நேரத்துக்கு அனுமதி என்று போய்க்கொண்டிருக்கும். நிறுத்திய மறுநாளிலிருந்து நீங்கள் டி.டி.இ. என்றால் முழுநேர டி.டி.இ., கிளார்க் என்றால் முழுநேர கிளார்க். பத்து வருடம் ஃபைலைத் தொடாதவர் முப்பத்து மூன்று வயதில் தன்னைவிட இளைய சூப்பர்வைசரிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டிவரும். இதற்கு ஒரே முன்னேற்பாடு, ஆடும்போதே துறைத் தேர்வுகளை எழுதிவிடுவது. சீசன் இல்லாத மாதங்களில் படித்தால் போதும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவர்கள்தான் சேர்ந்த நிலைக்கு ஒரு படி மேலே மட்டும் போய் ஓய்வு பெறுகிறார்கள்.

பயிற்சியாளர் ஆக என்ன படிக்க வேண்டும்?

எங்கே பயிற்சியாளராகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில் ஏற்படும் குழப்பத்தால் பணமும் வருடமும் வீணாவதைப் பரவலாகப் பார்க்கலாம்.

அரசு, விளையாட்டு ஆணையம், பெரிய கிளப் என்றால் என்.ஐ.எஸ். பட்டயம். 1961இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் தருவது. பெங்களூரு போன்ற கிளை மையங்களிலும் சில விளையாட்டுகளுக்கு நடக்கிறது. பட்டப்படிப்பு, குறிப்பிட்ட அளவு விளையாட்டுச் சாதனை, நுழைவுத் தேர்வு மூன்றும் வேண்டும். இதே நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறது. அது உபயோகமானதுதான், ஆனால் 'பட்டயம் தேவை' என்று கேட்கும் வேலைக்கு அதைக் காட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு வாரம் முடித்துவிட்டு 'நான் என்.ஐ.எஸ். கோச்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

பள்ளி என்றால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், இரண்டு ஆண்டு. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் என்றால் அதற்கு மேல்படிப்பான எம்.பி.எட். முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வு. 1920இல் தொடங்கி, இப்போது சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் பல்கலைக்கழகம் இரண்டும் தெரிந்த பெயர்கள். ஒரு எச்சரிக்கை: விளையாட்டுக்காகப் பிளஸ் டூவை விட்டுவிட்டு, பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். படிப்பை விட்டவர்கள் தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முதலில் முடியுங்கள்.

கால்பந்தில் பாதை வேறு. அங்கே ஆசியக் கூட்டமைப்பின் டி, சி, பி, ஏ, புரோ என்று உரிமப் படிகள் உண்டு. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது. இடையில் பயிற்சி கொடுத்த அனுபவத்தையும் காட்ட வேண்டும்.

இன்னொரு வழி, மாவட்டங்களில் நடக்கும் கேலோ இந்தியா மையங்கள். முன்னாள் வீரர்களையே பயிற்சியாளராக வைக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் முன்னுரிமை, பிறகு தேசியப் பதக்கம், பிறகு பல்கலைக்கழகப் பதக்கம் என்று போகும். அறிவிப்பு மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாக வரும். ஒப்பந்த வேலைதான், நிரந்தரமில்லை என்று தெரிந்தே சேருங்கள்.

தகுதிக் காகிதம் என்ன செய்யும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனைப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போகும் நிலை வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளரானார். அவருக்கு நடந்த அநியாயத்தைப் பட்டயம் சரிசெய்யவில்லை. வேலைக்கான கதவைத் திறந்தது.

நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் அல்லவா?

அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. கபடியில் கணுக்கால் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கார்னரில் நின்றவருக்கு அது யோசிக்காமலே வரும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 'பார்த்துப் பிடிடா' என்று சொன்னால் அவன் ரெய்டரின் கையைப் பார்ப்பான், கை ஏமாற்றும். பார்க்க வேண்டியது இடுப்பை. இடுப்பு திரும்பாமல் கால் திரும்பாது. அடுத்து, ரெய்டரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று காத்திருந்து, அந்தக் காலைப் பிடிக்க வேண்டும், காற்றில் இருக்கும் காலை அல்ல. அதற்குப் பிறகுதான் தோள் எங்கே முட்ட வேண்டும், தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது. தலையைத் தப்பான பக்கம் வைத்தால் ரெய்டரின் முட்டி முகத்தில் விழும். இப்படித் துண்டு துண்டாகப் பிரிக்கத் தெரியாதவர், 'எங்க காலத்துல...' என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு சீசன் யாராவது நல்ல பயிற்சியாளருக்கு உதவியாளராக இருந்து பாருங்கள். பொறுமை இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நடுவர் வேலை வாழ்க்கைக்குப் போதுமா?

கிரிக்கெட்டில் மேல் தட்டுக்குப் போனால் போதும். மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் இன்னொரு வேலையோடு சேர்த்துச் செய்வதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரிய முன்னோடி எஸ். வெங்கட்ராகவன். 57 டெஸ்ட் ஆடிய ஆஃப் ஸ்பின்னர், இந்திய அணித் தலைவர், கிண்டியில் படித்த பொறியாளர். 1993இல் டெஸ்ட் நடுவராக இறங்கி, 2004 வரை 73 டெஸ்ட்களில் நின்றார். ஆடியதைவிட நின்றது அதிகம்.

வழி இப்படி: முதலில் மாநிலச் சங்கத்தின் நடுவர் தேர்வு, பிறகு லீக் ஆட்டங்களில் வெயிலில் நின்று சில வருடம், பிறகு கிரிக்கெட் வாரியத்தின் தேர்வு. முன்னாள் முதல் தர வீரர்களுக்கு வாரியம் சற்று விரைவான பாதை வைத்திருக்கிறது. 2008 இளையோர் உலகக் கோப்பை அணியில் இருந்த தன்மய் ஸ்ரீவாஸ்தவா அப்படி வந்து 2025 ஐ.பி.எல்.லில் நடுவராக நின்றார்.

தேர்வைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2022இல் அகமதாபாத்தில் பெண்கள், ஜூனியர் ஆட்டங்களுக்கான நடுவர் தேர்வை சுமார் 140 பேர் எழுதியதில் தேறியவர்கள் 3 பேர். கேட்ட கேள்விகளில் ஒன்று: பெவிலியன், மரம் அல்லது ஃபீல்டரின் நிழல் பிட்ச்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் செய்தால் என்ன செய்வீர்கள்? பெவிலியன், மர நிழலைப் பொருட்படுத்த வேண்டாம். ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டெட் பால். இன்னொன்று: பந்துவீச்சாளரின் விரல் காயம் உண்மையானது, டேப்பை எடுத்தால் ரத்தம் வரும், அப்போதும் எடுக்கச் சொல்வீர்களா? பந்து வீச வேண்டுமென்றால் எடுத்தாக வேண்டும். இருபது வருடம் ஆடியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஆடும்போது விதியைப் பழக்கத்தில் கற்றிருப்பார்கள், புத்தகத்தில் படித்திருக்க மாட்டார்கள்.

உள்நாட்டு முதல் தர ஆட்டத்துக்கு மேல் பிரிவு நடுவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், கீழ்ப் பிரிவுகளுக்கு 30,000. அந்த நாற்காலிகள் குறைவு. கண்ணும் காதும் சரியாக இருக்க வேண்டும். முட்டி போனவர்களுக்கு இதுவும் கஷ்டம், நாள் முழுக்க நிற்க வேண்டும்.

தமிழ் வர்ணனைக்குப் போகலாமா?

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு இது ஒரு நிஜமான வேலையாகிவிட்டது. பத்ரிநாத், பாலாஜி, ஸ்ரீகாந்த் என்று தெரிந்த முகங்களுக்குத்தான் முதல் அழைப்பு. கபடியில் பெரிய பெயர் இல்லாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. சம்பளம் சீசனுக்கு, ஆட்டத்துக்கு என்று வரும். மாதச் சம்பளமாக நினைக்காதீர்கள். பழக விரும்பினால் டி.வி.யின் ஒலியை அணைத்துவிட்டு ஒரு முழு ஆட்டத்துக்குப் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லியிருப்பீர்கள். ஏன் நடந்தது, அடுத்து என்ன நடக்கலாம் என்று சொல்லத்தான் முன்னாள் வீரரைக் கூப்பிடுகிறார்கள்.

சொந்தமாக அகாடமி ஆரம்பிக்க எவ்வளவு ஆகும்?

விளையாட்டைப் பொறுத்தது. கபடிக் களத்தில் விரிக்கும் மேட்டை (மெத்தை விரிப்பு) வைத்துக் கணக்குப் போடலாம். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுர மேட் என்றால் களத்துக்கு மட்டும் 130. சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டால் 15க்கு 12, அதாவது 180 மேட். 130 மட்டும் வாங்கிப் போட்டால் கோட்டைத் தாண்டி விழும் பையன் சிமெண்டில் விழுவான்.  பெண்கள் களம் 12க்கு 8, அதே மேட்டில் கோடு மாற்றிக்கொள்ளலாம்.

வாடகை இடத்தில் சொந்தக் காசில் தரை போடாதீர்கள். தனியார் பள்ளி மைதானத்தை மாலை நேரத்துக்குக் கேட்பது மலிவு: பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம், பதிலுக்கு மைதானம். அதை எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது மூன்று வருடத்துக்கு. வாய்ப்பேச்சில் ஆரம்பித்து, தாளாளர் மாறியதும் பொருள்களோடு வெளியே வருவது வழக்கமாக நடப்பது.

வருமானத்தை முழு எண்ணிக்கையில் கணக்கிட வேண்டாம். 40 பிள்ளைகள், தலைக்கு 800 ரூபாய் என்றால் காகிதத்தில் 32,000. மார்ச்சில் தேர்வு, நவம்பரில் மழை, மே மாதம் ஊருக்குப் போவது. ஒன்பது மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் செலவை ஓட்ட முடியுமா என்று பாருங்கள். முதலுதவிப் பெட்டி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், விபத்துக் காப்பீடு ஆகியவை முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ கட்டாயம். எந்தப் பிள்ளைக்கும் மூடிய அறையில் தனிப் பயிற்சி கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

உங்கள் பெயரை மட்டும் கேட்டு, 'நீங்கள் வாரம் ஒருமுறை வந்தால் போதும்' என்பவர்களிடம் கவனம். அங்கே ஏதாவது நடந்தால் செய்தியில் வருவது உங்கள் பெயர்தான்.

பென்ஷன் உண்டா?

சர்வதேசப் பதக்கம் இருந்தால் உண்டு. மத்திய அரசுத் திட்டத்தில், 2018இல் திருத்திய விகிதப்படி, ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20,000 ரூபாய். உலக சாம்பியன்ஷிப் தங்கத்துக்கு 16,000. ஆசிய, காமன்வெல்த் விளையாட்டுத் தங்கத்துக்கு 14,000, வெள்ளி வெண்கலத்துக்கு 12,000. வயது 30 ஆகியிருக்க வேண்டும், ஆடுவதை நிறுத்தியிருக்க வேண்டும். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். நேஷனல்ஸ் பதக்கத்துக்கு இதில் இடமில்லை.

மாநிலத்தில், நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் தருகிறது. வயது 58, வருமான வரம்பு, சாதனை என்று நிபந்தனைகள் உண்டு. கிரிக்கெட் வாரியம் 2022இல் தன் ஓய்வூதியத்தை உயர்த்தியபோது, குறைந்தபட்சத் தொகையே 15,000லிருந்து 30,000 ஆனது. மற்ற விளையாட்டுக்காரர்கள் பெருமூச்சு விடுவது நியாயம்தான்.

அவசர மருத்துவச் செலவு, வறுமை என்றால் மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய வீரர் நல நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

லீக்கில் வந்த பணத்துக்கு வரி எப்படி?

கட்டணம், பயிற்சியாளர் ஊதியம், வர்ணனை, நடுவர் ஊதியம் எல்லாவற்றிலும் வழக்கமாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 'பிடித்துவிட்டார்களே, முடிந்தது' என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவது பெரிய தவறு. வரி அதைவிட அதிகமாகவோ குறைவாகவோ இருக்கலாம். குறைவாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். மருத்துவர், வழக்கறிஞர் போல வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்தச் சலுகைக்கான தொழில் பட்டியலில் விளையாட்டு வீரர் இல்லை. அதனால் பயணம், உபகரணம், பிசியோ ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அரசு அறிவித்துத் தரும் பரிசுத் தொகைக்கு வரிவிலக்கு உண்டு, அரசாணை நகல் இருந்தால்.

நிறுத்தியதும் எடை ஏறுகிறது. என்ன செய்வது?

பயிற்சி நின்றுவிட்டது, சாப்பாடு நிற்கவில்லை, அவ்வளவுதான் காரணம். தினம் நான்கு மணி நேரம் உழைத்தபோது 3,500, 4,000 கலோரி செரித்தது. மேசை வேலைக்கு 2,200, 2,400 போதும். ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வாரம் ஆறு நாளை நான்காக்கி, பிறகு மூன்றாக்கி, மூன்று மாதத்தில் இறக்குங்கள். அதோடு சாதத்தின் அளவும் இறங்க வேண்டும். புரதத்தைக் குறைக்காதீர்கள், தசைதான் முட்டியைத் தாங்குகிறது. முட்டியில் லிகமென்ட் (தசைநார்) கிழிந்தவர்களுக்கும் மெனிஸ்கஸ் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு) எடுத்தவர்களுக்கும் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும் வாய்ப்பு அதிகம். தொடையின் முன்பக்கத் தசைக்கான பயிற்சியை அவர்கள் ஆயுளுக்கும் விடக்கூடாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருடம் ஒருமுறை பாருங்கள். 'ஸ்போர்ட்ஸ் உடம்பு, ஒன்றும் வராது' என்பது வெறும் பேச்சு.

தூக்கமின்மை, எரிச்சல், ஆட்டத்தை டி.வி.யில்கூடப் பார்க்கப் பிடிக்காமை ஆகியவை முதல் சில மாதங்களில் சகஜம். காயத்தால் திடீரென நின்றவர்களுக்கு அதிகமாக இருக்கும். நீண்டுகொண்டே போனால், குடியில் இறங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். கோச்சிடம் புலம்பித் தீர்க்கும் விஷயம் இல்லை.

விளையாட்டுக்கே சம்பந்தமில்லாத வேலைக்குப் போகலாமா?

தாராளமாக. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 'ரீசெட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 20 முதல் 50 வயதுள்ள, ஆடுவதை நிறுத்திய வீரர்களுக்கு இணையவழிப் படிப்பும் நேரடிப் பயிற்சியும் தருகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு நிலை, முடிக்காதவர்களுக்கு ஒரு நிலை. பிசியோதெரபிக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும், படிப்பும் நான்கு ஆண்டுக்கு மேல். முப்பது வயதில் யோசித்துச் செய்யுங்கள்.

வெள்ளத்தில் சான்றிதழ்கள் போய்விட்டன. திரும்ப வாங்க முடியுமா?

முடியும், அலைச்சல்தான். முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்த அறிக்கை எடுங்கள். பிறகு மாநிலச் சங்கத்துக்குப் போட்டியின் பெயர், ஊர், தேதி, அணியின் மேலாளர் பெயர், வந்த இடம் ஆகியவற்றோடு கடிதம் கொடுங்கள். சங்கத்திடம் முடிவுப் பட்டியல் இல்லையென்றால் தேசியக் கூட்டமைப்பிடம் கேட்க வேண்டும். நாளிதழ் கத்தரிப்பு சான்றிதழுக்கு ஈடாகாது, தேதியை நிறுவ உதவும். சங்கத்தில் இரண்டு கோஷ்டி இருந்தால், போட்டி நடந்த ஆண்டில் அங்கீகாரம் யாரிடம் இருந்தது என்று பார்த்து அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். தவறான கோஷ்டியின் நகலைச் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். இனி வாங்கும் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் (அரசின் இணையவழி ஆவணப் பெட்டகம்) ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஆதாரில் உள்ள அதே எழுத்தில் பெயர் இருந்தால்தான் அதில் சேரும்.